தேயிலைக்கு ஈடு நெஞ்சறையோ?

நுரையீரலைப் போர்த்த சவ்விற் பற்றும் புற்றுநோய்க்குச் சில நாட்டு வைத்தியர்கள் கையாளும் முறை கடுமையானது. நெஞ்சறையைத் திறந்து கட்டியை அகற்றியபின், சுமார் 42 பாகைக்குச் சூடேற்றிய சிஸ்பிளாற்றின் மருந்தை அவ்வறைக்குள்ளேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றியோடச் செய்கின்றனர். குருதிவழி ஏற்றினால் உடல் தாங்காத செறிவு நோயுற்ற இடத்தை நேரே தொடுகிறது. அப்படியிருந்தும் நோய் வேரறுதல் அரிது.

இந்நோயின் தலையாய காரணம் அஸ்பெஸ்ரஸ் தூசி. 2018 ஜனவரி முதல் அதன் இறக்குமதியைத் தடுக்க இலங்கை அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், ஒரு வண்டைக் காரணங்காட்டி, ருஷ்யா நம் தேயிலையை மறித்தது. அஸ்பெஸ்ரஸ் விற்கும் நாடும் அதுவே! அமைச்சர்கள் உடனே தளர்ந்தனர். வண்டின் வல்லமையே வல்லமை!

இந்நோய் தலைகாட்ட இருபது முதல் நாற்பது ஆண்டுகள் செல்லும். அன்றுதொட்டு அக்கூரைத் தகடுகளை அறுத்தும் துளைத்தும் வந்த தொழிலாளரின் பெயர்ப் பதிவேட்டை அரசு இன்றே திறக்கவேண்டும். 2040க்குப் பின் அவர்கள் இருமும்போது, தளர்ந்த அமைச்சர்கள் பதவியில் இரார்.