ஊரே பெயராகட்டும்!

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்று, படிவத்தில் ஒரு கட்டம் என்னைத் திகைக்க வைத்தது: 'குடும்பப் பெயர்'. நமக்கேது குடும்பப் பெயர்? தந்தை பெயரைச் சுருக்கி முன்னெழுத்தாக வைத்துக்கொண்டவர்கள் அல்லவா நாம்! அருகிலிருந்த ஒருவர், "சாதிப் பெயரைப் போட்டுவிடேன், தம்பி" என்றார். நான் 'கொச்சங்காடி' என்று எழுதினேன். அவர் நகைத்தார். நண்பர்களே, அந்த நகைப்புக்கு என் விடை இது.

கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள கொச்சங்காடியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன் நான். அங்கே முன்னாளில் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று இருந்தது. இன்று ஆலயம் இல்லை. 1344-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் கல்வெட்டு மட்டும், 1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தின் சுவரில் பதிந்திருக்கிறது. அந்த ஆலயத்தாரின் குடும்பப் பெயர்களைப் பாருங்கள். காஸ்டியேல் என்பது ஸ்பெயினின் காஸ்தில் பகுதியைச் சொல்லும் பெயர். அஷ்கெனாசி என்பது செருமனிக்கு எபிரேயத்தில் வழங்கிய பெயரின் வழிவந்தது. 1492-இல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியது. விரட்டிய மண்ணின் பெயரைக்கூட அவர்கள் விட்டுவிடவில்லை!

நமக்கும் இது புதிதன்று. ஒக்கூர் மாசாத்தியார், கோவூர் கிழார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று சங்கப் புலவர்கள் ஊரால் அறியப்பட்டனர். முடமோசியார் பெயரிலோ ஊரோடு சேரியும் நிற்கிறது. அண்மைக் காலத்திலும், அண்ணாவின் முதலெழுத்தில் காஞ்சிபுரம் இருந்தது. செம்மங்குடி என்றால் சிற்றூரா, சங்கீதமா?

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. துறந்தனர் நம் முன்னோர் பலர். அவர்கள் வெட்டியெறிந்த வாலை, ஒரு படிவத்தின் கட்டத்தை நிரப்புவதற்காக நாம் மீண்டும் ஒட்டிக்கொள்வதா?

"சிலருக்கு ஊர்ப்பெயரே சாதியைக் காட்டிக்கொடுக்குமே?" என்று கேட்பீர்கள். உண்மைதான், அந்தக் கொடுமை இன்னும் ஒழியவில்லை. அத்தகையோர் தாயின் பெயரை எழுதட்டும். எம்.எஸ். என்ற ஈரெழுத்தில் மதுரையும் உண்டு, பெற்ற தாய் சண்முகவடிவும் உண்டு. அதைவிடப் பெருமை வேறென்ன?

சாதிப் பெயர், 'இவர் நம்மவர், அவர் அயலார்' என்று பிரிக்கிறது. ஊர்ப் பெயரோ எவர்க்கும் பொது. கொச்சங்காடி யூதர்க்கும் ஊர், முஸ்லிம்களுக்கும் ஊர், எனக்கும் ஊர். என் ஒருவனுக்கு உரியதன்று. அதனால்தான் அதை என் பெயரோடு சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த படிவம் வரும்போது, நண்பரே, நீர் எதை எழுதப் போகிறீர்?