நாலு பேர் சேர்ந்தா ஸ்குவாடா?

பிஜிஎம்ஐ-ல ஒரு ஸ்குவாடுக்கு நாலு பேர். ராத்திரி ராயபுரத்துல இருந்து ஒருத்தன், எண்ணூர்ல இருந்து ஒருத்தன், திருவொற்றியூர்ல இருந்து நாங்க ரெண்டு பேர். இறங்கினதும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். யாருக்கு கில் அதிகம்ங்கறதுதான் பேச்சு.

என்சிசி-யில் படித்த கணக்கு வேறு. இந்தியக் காலாட்படையில் ஒரு செக்‌ஷனுக்கு 10 பேர். மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன், மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி. அந்த 10 பேருக்கும் ஒரே வேலை இல்லை. லைட் மெஷின் கன் குழு ஒரு இடத்தில் இருந்து சுட்டு, எதிரியைத் தலைதூக்க விடாது. அந்த நேரத்தில் ரைஃபிள் குழு முன்னேறும். கன் குழு ஒருத்தரைக்கூட வீழ்த்தாமல் இருக்கலாம். ஆனா அது இல்லைன்னா யாரும் நகர முடியாது.

கேமில் இந்த வேலைக்கு மதிப்பு குறைவு. அதனால கவர் கொடுக்க யாரும் நிற்கிறதில்ல. தப்பு பசங்க மேல மட்டும் இல்ல, எதை எண்ணுறோம்ங்கறதுலயும் இருக்கு. காசிமேட்டு விசைப்படகில் யாரும் தனித்தனியா மீன் எண்ணுவதில்லை. ஓட்டுறவருக்கும் பங்கு, வலை இழுக்கிறவருக்கும் பங்கு.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீமும் இதே நாலு பேர்தான். ரிவியூவில் டெமோ காட்டின எனக்குக் கைதட்டல். மூணு வாரம் உட்கார்ந்து சென்சார் ரீடிங் எடுத்தவன் பேரை நான் சொல்லவே இல்லை. இப்போ அவன் கேமுக்கு வர்றதில்ல.

அடுத்த ரிவியூவில் முதல் ஸ்லைடு அவனோடது. பேசப் போறதும் அவன்தான். நான் கவர் கொடுக்கிறேன்.