வெளிச்சத்தில் வேலை செய்யும் மருந்து, வெயிலில் வேலை செய்பவருக்கு உதவுமா?

வாய்ப் புற்றுநோய் நம்மவர்களுக்குப் புதிதல்ல. மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே இந்நோய் அதிகம் என்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டுகிறது. வெற்றிலை பாக்கு மெல்வது முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் ஆபத்துதான்.

ஆகவே, ஒளியால் தூண்டப்படும் மருந்துகள் பற்றிய ஆய்வு நமக்கும் சம்பந்தப்பட்டது. இம்மருந்தை ஊசி வழி செலுத்துவார்கள். இருட்டில் அது சும்மா கிடக்கும். கட்டியின்மீது சிவப்பு லேசர் ஒளி பட்டதும் அங்குள்ள ஆக்சிஜனைக் கொண்டே புற்று உயிரணுக்களைக் கொல்லும். இவ்வகையில் முதலில் ஒப்புதல் பெற்றது ஃபோட்டோஃப்ரின், 1993இல் கனடாவில். இந்த ஒளி சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான் எட்டும். வாய் என்றால் லேசரை நேரே காட்டலாம், அது ஒரு வசதி.

ஆனால் சிகிச்சை முடிந்த பிறகுதான் சிக்கல். மருந்து தோலிலும் தங்கிவிடுகிறது. ஃபோட்டோஃப்ரின் போட்டவர் குறைந்தது 30 நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும். பட்டால் தோல் வெந்துவிடும். வெயில் கிரீம் பூசியும் பயனில்லை, ஏனெனில் மருந்தைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே. அலுவலகத்தில் இருப்பவர் எப்படியோ சமாளிப்பார். செம்பனைக் குலை வெட்டுபவர் ஒரு மாதம் வீட்டுக்குள் இருந்தால் சம்பளத்துக்கு என்ன செய்வார்? ஆய்வுக் கட்டுரைகளில் இது 'பக்கவிளைவு' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது.

அதனால்தான் உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் புதிய மருந்துகளைத் தேடுகிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் உருவான பாடெலிபோர்ஃபின் சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். 2017இல் ஐரோப்பா அதற்கு ஒப்புதல் தந்தது. ஆனால் ஆண்களின் புரோஸ்டேட் புற்றுநோய்க்குத்தான், வாய்க்கு அல்ல. நம் நாட்டு ஆய்வாளர்களும் தீபகற்பத்தில் வளரும் 90க்கும் மேற்பட்ட தாவரங்களின் சாற்றை இதற்காகச் சோதித்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இலைப் பச்சையத்திலிருந்து பிரியும் பொருள்கள் சிலவற்றுக்கு இந்த ஆற்றல் உண்டு. அதற்காக யாரும் இலையைப் பறித்து அரைத்துக் குடிக்க வேண்டாம். அது சோதனைக் குழாயில் கிடைத்த முடிவு.

எந்த மருந்து வந்தாலும் ஒளி எட்டும் ஆழம் குறைவுதான். கட்டி தடித்த பிறகு வருபவருக்கு இதனால் பெரிய பலன் இருக்காது. நம்மவர்களில் பலர் அப்படித்தான் வருகிறார்கள். வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.