சுமப்பது முதுகு, கை காவல்

தமிழ் மன்ற மலரில் பஸ்கி எடுப்பதைப் பற்றியா எழுதுவது என்று நகைக்க வேண்டாம். மானசகங்கோத்ரி விடுதிகளிலிருந்து மாலைதோறும் உடற்பயிற்சிக் கூடம் செல்லும் நம்மவர் பலர். அவர்களுள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே திரும்புவோரும் உளர். சென்ற ஆண்டு நானும் அவர்களில் ஒருவன்.

சேர்ந்த புதிதில், ஒரு பயில்வான் ராடை முதுகில் ஏற்றி, கைகளைத் தோளை ஒட்டி நெருக்கமாக வைத்துப் பிடிப்பதைக் கண்டேன். அதுவே முறை என எண்ணி நானும் அவ்வாறே பிடித்தேன். என் தோள்மூட்டு அதற்கு இசையவில்லை. மணிக்கட்டு பின்னோக்கி மடிந்தது. பாரத்தில் ஒரு பங்கு அந்த மடிந்த கையின்மேல் இறங்கியது. கன்னடம் சரளமாக வாராத வெட்கத்தால் எவரையும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் திருகைச் சுழற்றவே கை நடுங்கிற்று. விஞ்ஞானம் படிக்க வந்தவனுக்குக் கை போனால் மிச்சம் என்ன?

ஒரு நாள் துணிந்து பயிற்சியாளரிடம் சென்று, "பஸ்கி" என்று சொல்லி மணிக்கட்டைக் காட்டினேன். கன்னடத்திலும் அது பஸ்கியேதான்! (மல்லர்கள் பயிலும் 'கரடி மனை' என்றதும் கரடி வளர்க்கும் இடமோ என நான் மிரண்டது வேறு கதை.) அவர் அதிகம் பேசவில்லை. என் கைகளை இருபுறமும் நான்கு விரல் அகலம் வெளியே நகர்த்தினார். அவ்வளவுதான்.

எடை என்றாலே இறுகப் பிடிப்பது என்ற எண்ணமே நம் பிழைக்கு வேர். வேலூர்ச் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149 கிலோவை ஸ்னாட்ச் முறையில் தலைக்குமேல் தூக்கினார். அங்கே கை விட்டால் எல்லாம் விட்டது. பஸ்கி அப்படியன்று. நம் ஊர் இளவட்டக்கல்லை நினைத்துப் பாருங்கள். கல் தோளேறும் வரைதான் கைக்குப் பளு. ஏறியபின் சுமப்பது தோள், கை வெறும் காவல்.

ஆகவே முதலில் ராடுக்கு இருக்கை அமையுங்கள். கழுத்தடியில் புடைத்து நிற்கும் எலும்பின்மேல் வைக்கலாகாது. தோள்பட்டைகளைப் பின்னால் நெருக்கினால் சதை திண்ணைபோல் எழும்; ராடு அதில் அமரட்டும். இன்னும் தாழ்த்தி வைப்போரும் உண்டு. ஆனால் அதற்குத் தோள் நன்கு வளைய வேண்டும். நாளெல்லாம் புத்தகத்தின்மேல் கூனிக் கிடக்கும் நமக்கு மேல்நிலையே நல்லது என்பது என் கருத்து. ராடில் இருபுறமும் வளையக் கோடு இருக்கும். அதை அடையாளமாகக் கொண்டு இரு கைகளையும் சமதூரத்தில், அகலமாகவே வையுங்கள். பிறகு விரல் விரலாக உள்ளே வாருங்கள். தோள் முறையிடும் இடத்திற்குச் சற்று முன்பே நில்லுங்கள். மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில் நிற்க வேண்டும். மடிந்தால் நெம்புகோல் பாடம் அங்கேயே நடக்கும்!

கட்டைவிரல் ராடைச் சுற்றியா, மேலேயா என்று விடுதியில் பெரிய வாதம் நடக்கிறது. மணிக்கட்டு நேராக நின்றால் எதுவும் ஆகும். புதியவர் சுற்றியே பிடிக்கட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத் தனியே சென்று, சட்டத்தின் காப்புக் கம்பிகளைப் பொருத்தாமல் பாரமேற்றும் நண்பர்கள் நம்மிடையே உளர். அது வீரமன்று. ராடு வழுக்கினால் எந்தப் பிடியும் காக்காது. நாம் உட்காரும் கடைநிலைக்குச் சற்றுத் தாழ அக்கம்பிகளை வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

20 கிலோ வெறும் ராடிலிருந்து மீண்டும் தொடங்கி, இப்போது 70-இல் நிற்கிறேன். மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் இருப்பேன். பிடி பழக வருவோர் வரலாம். கன்னடம் தெரிந்தவர் வந்தால் இன்னும் மகிழ்ச்சி.