பாட்டியின் சுண்ணாம்பும் மஞ்சோங் புகையும்

தமிழ்ப்பள்ளியில் 'கரிவளி' என்று படித்தோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதுவே 'கார்போன் டியோக்சிடா' ஆயிற்று. பெயர் எதுவானாலும், அதைப் பிடிக்கும் வித்தையை எனக்கு முதலில் காட்டியவர் சுங்கை சிப்புட்டில் பால்மரம் சீவிய என் பாட்டிதான். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து போட்டால் ஏசுவார். சில நாளில் அது கல்லாக இறுகிவிடும். காற்றிலுள்ள கரிவளியை உறிஞ்சிச் சுண்ணாம்பு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகிறது என்பது பல்கலைக்கழகம் வந்த பிறகே எனக்கு விளங்கியது.

கலிபோர்னியாவில் ஏர்லூம் என்ற நிறுவனம் 2023இல் இதையே ஆலையாக்கிவிட்டது. சுண்ணாம்புக்கல்லை மின் உலையில் சுட்டு, வெளிவரும் கரிவளியைச் சேமிக்கிறார்கள். மிஞ்சும் சுண்ணாம்பைத் தட்டுகளில் பரப்பினால், மூன்றே நாளில் காற்றிலிருந்து கரிவளியை இழுத்துக்கொள்கிறது. மறுபடியும் உலை. ஆண்டுக்கு 1,000 டன் வரை பிடிக்கலாமாம். ஒரே கல் திரும்பத் திரும்பப் பயன்படுவதால் புதிதாக மலையை உடைக்கும் வேலையும் குறைவு. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு மலைகளைப் பார்த்து வளர்ந்த ஈப்போக்காரனுக்கு ஆசை வராதா?

எனக்கும் வந்தது. கணக்குப் போட்டதும் அடங்கியது.

இன்றைய இயந்திரங்கள் காற்றிலிருந்து ஒரு டன் கரிவளியைப் பிரிக்க, வெப்பமும் மின்சாரமுமாகச் சுமார் 2,000 கிலோவாட் மணி ஆற்றல் கேட்கின்றன. நம் பேராக்கிலேயே, மஞ்சோங்கில், சுமார் 4,100 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. நிலக்கரியில் ஒரு கிலோவாட் மணி எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரிவளி வெளியேறும். அந்த மின்சாரத்தில் உலையை ஓட்டினால் ஒரு டன்னைப் பிடிக்க இரண்டு டன்னை விடுவோம்! கலிபோர்னியா ஆலை ஓர் ஆண்டில் பிடிப்பதை மஞ்சோங் முழுவேகத்தில் அரை மணிக்குள் வெளியேற்றிவிடும்.

சூரிய மின்சாரம் மலிந்துவிட்டதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதில் ஒரு கிலோவாட் மணியை நிலக்கரிக்குப் பதிலாகக் கொடுத்தால் ஒரு கிலோ மிச்சம். உலைக்குக் கொடுத்தால் அரைக் கிலோதான். ஆகவே மலிவு மின்சாரம் முதலில் மஞ்சோங்கை மூடட்டும். 2044க்குள் நிலக்கரியைக் கைவிடுவதாக அரசு சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே முடியவேண்டும் என்பது என் கட்சி. நண்பகலில் மின்சாரம் உபரியாகும் காலம் வந்தால், அப்போது உலையை ஏற்றலாம்.

மரமே போதுமே என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பாட்டி சீவிய மரங்களும் கரிவளியை உண்டவைதாம். வெட்டி எரித்தபோது அது காற்றுக்கே திரும்பியது. அங்கே இப்போது செம்பனை.

உலை வரும்வரை ஆய்வு காத்திருக்க வேண்டியதில்லை. நம் நாட்டு ஈரக்காற்றில் சுண்ணாம்பு எவ்வளவு வேகமாக இறுகும் என்பதை இறுதியாண்டு ஆய்வாக எடுக்க விண்ணப்பித்திருக்கிறேன். சுண்ணாம்பு வாங்க ஈப்போ லிட்டில் இந்தியா வெற்றிலைக் கடை போதும்.