ஒற்றைப் பிரதியும் தொலைக் களஞ்சியமும்

எம் வகுப்பினர் மூவர் சென்ற ஆண்டு நன்னூற் சூத்திரங்களுக்குச் சொல்லடைவு செய்யும் கணினி நிரல் ஒன்றை இயற்றத் தொடங்கினோம். நான்கு திங்கள் உழைப்பும் ஒரே மடிக்கணினியில் இருந்தது. ஒருநாள் அதன் வன்தட்டுப் பழுதுற்றது; நிரலும் போயிற்று. எஞ்சியவை ஒரு பென்டிரைவில் கிடந்த இரு பழம்பிரதிகளே. ஒன்றன் பெயர் 'கடைசி'. மற்றொன்றன் பெயர் 'மெய்யான கடைசி'. இவற்றுள் எது பிந்தியது என்பதில் எமக்குள் இன்றும் வழக்குண்டு.

தமிழ் மாணாக்கர்க்கு இவ்விழப்பை விரித்துரைக்க வேண்டுவதின்று. ஒற்றை ஏட்டை நம்பியிருந்து செல்லுக்கு இரையாக்கிய நூல்கள் நம்மிடத்து எத்துணை! டாக்டர் சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கிய பின்னரன்றோ?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் உட்கருவின் பொருட்டு இயற்றிய கிட் என்னுங் கருவி, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகக் காப்பது. ஆயின் அவ்வரலாறு நம் கணினியில் மட்டும் இருப்பின், கணினியோடு அதுவும் மாயும். ஆதலின், கிட்ஹப் போன்றதோர் இடத்தில் வெறுங் களஞ்சியம் ஒன்றை அமைத்து, 'கிட் ரிமோட் ஆட் ஆரிஜின்' என்னுங் கட்டளையோடு அதன் முகவரியை எழுதி இணைத்தல் வேண்டும். ஆரிஜின் என்பது வழக்கம்பற்றி வந்த பெயரே. ஈண்டுப் பலர் மயங்குகின்றனர். இக்கட்டளை உறையின்மேல் முகவரி எழுதுவதை ஒக்கும். ஓரெழுத்தும் அப்போது செல்லாது. 'புஷ்' என்று ஏவிய பின்னரே செல்லும். அப்பொழுதும் 'கமிட்' என்று பதிவு செய்தவை மட்டுமே செல்லும். பின்னர் அதனைக் 'க்ளோன்' செய்து கொள்வார் ஒவ்வொருவரிடத்தும் வரலாறு முழுவதும் ஒரு பிரதியாய்ச் சேரும்.

களஞ்சியத்தை வெறுமையாக அமையாமல் அங்கேயே ஒரு கோப்பினை முன்னரே இட்டுவைத்தால், இரு வரலாறும் பொருந்தாவென நம் புஷ் மறுக்கப்படும். உடனே 'ஃபோர்ஸ்' என்று வலிந்து ஏவுவார் சிலர். கூட்டாக இயற்றும் நிரலில் இது பிறர் உழைப்பை அழிப்பதாகும். இதனை யான் ஒருபோதும் பொறேன்.

இத்துணை எளிதாயின் மாணாக்கர் ஏன் தாழ்க்கின்றனர்? சோம்பலன்று, நாணமே என்பது என் கருத்து. அரைகுறையானதைப் பிறர் காண்பரே என்று அஞ்சி, முடிந்தபின் இணைப்போம் என்கின்றனர். யாமும் அங்ஙனமே எண்ணினோம். கிட்ஹப்பில் 2019 முதல் பிறர் காணாத தனிக்களஞ்சியமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, அவ்வச்சத்திற்கும் இடமில்லை.

எம் நிரலை மீளத் தொடங்கியுள்ளோம். இம்முறை முதல் நாளிலேயே இணைத்துவிட்டோம். முதற் பதிவில் 'நன்னூல்' என்பதையே பிழைபட எழுதியிருக்கிறோம். எம் ஆசிரியர் கண்டு நகைத்தார். அது களஞ்சியத்தில் அப்படியே இருக்கிறது.