ஆங்கிலப் பரீட்சை: அளக்கும் மரக்கால் யாருடையது?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை சங்கக் கட்டிடத்துக்கு ஓர் இளம்பெண் வந்தாள். தஞ்சைச் சீமையைச் சேர்ந்த விவசாயக் கூலியின் மகள். வீட்டுக் கடனுக்காக ஊரை விட்டு வந்து மூன்று ஆண்டுகளாக ஒரு நூற்பாலையில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருப்பவள். கையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க தோழர்" என்று நீட்டினாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஆலை நிர்வாகம் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த உத்தரவு அது. முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை ஆங்கிலம். அதில் அவள் 'ஒர்க்கர்' அல்ல, 'அப்ரண்டிஸ்'. அவள் வாங்கியது 'வேஜஸ்' அல்ல, 'ஸ்டைபெண்ட்'. மூன்று ஆண்டு இரவுபகலாக உழைத்த பெண் காகிதத்தின்படி தொழிலாளியே இல்லை. தொழில் பழக வந்தவள்!

"பத்தாவது முடிச்சிருக்கியேம்மா, இங்கிலீஷ்ல எவ்வளவு மார்க்?" என்று கேட்டோம்.

"அறுபத்தெட்டு தோழர்."

தேறுவதற்கு வேண்டியது 35. இவள் வாங்கியதோ அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சர்க்கார் முத்திரை குத்தி, "இந்த மாணவிக்கு ஆங்கிலம் தெரியும்" என்று சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறது. ஆனால் அவளுடைய வாழ்க்கையையே கட்டிப்போட்ட ஒரு பக்கக் காகிதத்தை அவளால் படிக்க முடியவில்லை. அப்படியானால் அந்தப் பரீட்சை எதை அளந்தது? யாருக்காக அளந்தது? தோழர்களே, இதுதான் நாம் இன்று கேட்க வேண்டிய கேள்வி.

தாளைப் பிரித்துப் பார்ப்போம்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் நூறு மார்க்குக்கானது. நேரம் மூன்று மணி. முன்பு இரண்டு தாள்கள் இருந்தன, 2019-ல் ஒன்றாக்கிவிட்டார்கள். முதல் பகுதியில் ஒரு மார்க்குக் கேள்விகள் 14. அவற்றில் முதல் மூன்று ஒரே பொருளுள்ள சொல்லைக் கேட்பவை. அடுத்த மூன்று எதிர்ச்சொல்லைக் கேட்பவை. அடிக்கோடிட்ட அந்தச் சொற்கள் பாடநூலின் வாக்கியங்களிலேயே இருப்பவை. எனவே பையன் சொல்லைக் கற்க வேண்டியதில்லை. நோட்ஸ் புத்தகத்துப் பட்டியலை உருப்போட்டால் போதும். பிறகு பாடத்திலிருந்து கேள்விகள். அவற்றின் விடைகளும் நோட்ஸில் உண்டு. பிறகு கடிதம், விளம்பரம், அறிவிப்பு. அவற்றுக்கும் அச்சடித்த மாதிரிகள் உண்டு. மனப்பாடச் செய்யுளுக்கு 5 மார்க். முன்பின் பாராத பத்தியைப் படித்து விடை சொல்லும் கேள்வியும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்காமலே 35 வாங்கிவிடலாம். ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்கிறானா, வாயால் நாலு வார்த்தை பேசுகிறானா என்பதை இந்தப் பொதுப் பரீட்சை கேட்பதே இல்லை.

2019-ல் வந்த அந்தப் பாடநூலில் ஆல்போன்ஸ் தோதே என்ற பிரெஞ்சு ஆசிரியரின் 'கடைசிப் பாடம்' என்ற கதை இருக்கிறது. 1870-71 யுத்தத்தில் பிரான்சு தோற்றபின், ஜெர்மனி பிடித்துக்கொண்ட பகுதியின் பள்ளியில் பிரெஞ்சு மொழி நிறுத்தப்படுகிற நாளைப் பற்றிய கதை. தாய்மொழியைப் பறிகொடுப்பது எவ்வளவு பெரிய துயரம் என்பதைச் சொல்லும் அந்தக் கதையைத் தமிழ்ப் பிள்ளை பொருள் தெரியாமல் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறான். இதைவிடக் கசப்பான வேடிக்கை உண்டா?

இப்படித் தாள் அமைத்தவர்களை நாம் ஏசவில்லை. ஏழைப் பிள்ளை எப்படியாவது தேறட்டும், பள்ளியை விட்டு ஓடாமல் இருக்கட்டும் என்ற இரக்கமும் அதில் இருக்கிறது. ஆனால் கற்றுக்கொடுக்காமல் காட்டும் இரக்கம் கடைசியில் எதில் முடிகிறது? முதல் வாசலில் கதவைத் திறந்துவிட்டு, இரண்டாவது வாசலில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில் முடிகிறது. கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில். கம்பெனி இண்டர்வியூ ஆங்கிலத்தில். ஆலையின் உத்தரவும் ஆங்கிலத்தில். அங்கே நோட்ஸ் கிடையாது. அங்கே வெல்லுகிறவன் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவன், பள்ளியில் பணம் கட்டி ஆங்கிலம் வாங்குகிறவன்.

இரண்டு வகைக் கனவான்கள்

இதைச் சொன்னால் இரண்டு வகைக் கனவான்கள் எழுந்து நிற்பார்கள்.

முதல் வகையினர், "தரம் கெட்டுவிட்டது! தாளைக் கடினமாக்கு! அதிகம் பேரைப் பெயிலாக்கு!" என்கிறார்கள். இவர்களுக்கு ஆலைத் தொழிலாளியே பதில் சொல்லுவான். ஆலையில் நூலைப் பரிசோதிக்கிறோம். 120 கஜம் சுற்றி எடுத்து நிறுத்துக் கவுண்ட் பார்க்கிறோம்; இழுத்துப் பலம் பார்க்கிறோம். நூல் அறுந்தால் நூலையா குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம்? பஞ்சு எப்படி, கார்டிங் எப்படி, டிராயிங் எப்படி, சிம்ப்ளெக்ஸ் எப்படி என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறோம். பழுதான இடத்தில் பழுது பார்க்கிறோம். பஞ்சு நூலுக்கு இருக்கும் இந்த நியாயம் பாட்டாளியின் பிள்ளைக்கு இல்லையா? பிள்ளை ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறினான். அப்போது யாரும் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பில் வாக்கியம் புரியாமல் விழித்தான். அப்போதும் யாரும் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு நாள், மூன்று மணி நேரம் உட்காரவைத்து, "நீ சரியில்லை" என்று சொல்ல இவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இரண்டாம் வகையினர், "கூலிக்காரன் பிள்ளைக்கு ஆங்கிலம் எதற்கு?" என்கிறார்கள். மேடையில் தமிழுக்காக உருகிவிட்டு, தம் சொந்தப் பிள்ளையை ஆங்கிலப் பள்ளி வேனில் ஏற்றி அனுப்புகிறவர்கள் இவர்கள். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆயினும் தொழிலாளி கையெழுத்துப் போடும் காகிதம் இன்னும் ஆங்கிலத்தில் வருகிறது. அதைத் தமிழில் கொடுக்கச் செய்ய இவர்கள் ஒரு விரலையாவது அசைத்ததுண்டா? முதலாளி ஆங்கிலத்தில் கட்டுகிறவரை தொழிலாளிக்கு அந்த முடிச்சை அவிழ்க்கவும் தெரிந்தாக வேண்டும்.

மரக்காலின் கதை

பண்ணையார் வீட்டு மரக்கால்களை நம் விவசாயத் தொழிலாளிகள் மறந்திருக்க மாட்டார்கள். நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளளவில்தான் சூது.

ஆங்கிலப் பரீட்சைக்கும் அப்படி ஒரு பூர்வீகம் உண்டு. 1835-ல் மெக்காலே தன் குறிப்பை எழுதினார். ஜனங்கள் அனைவருக்கும் கல்வி தருவது அவருடைய நோக்கமல்ல; ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையில் நிற்க ஒரு சிறு கூட்டத்தைத் தயார் செய்வதே நோக்கம். 1844-ல் ஹார்டிஞ்ச், சர்க்கார் உத்தியோகத்தில் ஆங்கிலம் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று உத்தரவிட்டார். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் வாசலில் மெட்ரிகுலேஷன் பரீட்சை நின்றது. ஆங்கிலம் அன்றைக்கே அறிவை அளக்கும் கருவியாக இல்லை. ஆளை வடிகட்டும் சல்லடையாகவே இருந்தது.

இந்தச் சூது நம் நாட்டில் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள அமெரிக்காவைப் பாருங்கள். கல்லூரிக்குப் போகும் உயர்நிலைப் பள்ளி மாணவரின் சொல்லறிவையும் வாசிப்பையும் அளக்க 'சாட்' என்ற பரீட்சை அங்கே இருக்கிறது. 1926 ஜூன் 23-ல் அதை முதன்முதலாக 8,040 பேர் எழுதினார்கள். அதை உருவாக்கிய கார்ல் பிரிகாம், மனித இனங்களுக்குள்ளே அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டென்று 1923-ல் புத்தகம் போட்டவர். 1930-ல் அந்த ஆராய்ச்சிக்கு அடிப்படையில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் பரீட்சை நின்றதா? இல்லை! அதில் வந்த ஒரு கேள்வி பின்னாளில் பேர்போனது. ஓடுகிறவனுக்கு மாரத்தான் என்றால் துடுப்பு வலிக்கிறவனுக்கு எது? விடை 'ரெகாட்டா', அதாவது படகுப் பந்தயம். சீமான் வீட்டுப் பிள்ளை விடுமுறையில் கண்ணால் கண்ட காட்சி அது. சுரங்கத் தொழிலாளியின் மகனும் பருத்திக்காட்டு நீக்ரோத் தொழிலாளியின் மகளும் அந்தச் சொல்லை எங்கே கேட்டிருப்பார்கள்? கேள்வி சொல்லறிவைப் பற்றியது போலத் தோன்றும். உண்மையில் அது அப்பனுடைய வருமானத்தைக் கேட்கிறது. இந்த ஜோடிச் சொல் கேள்விகளை 2005-ல்தான் அங்கே கைவிட்டார்கள்.

உண்மையான அளவு என்ன சொல்கிறது?

நேர்மையாக அளந்தால் என்ன தெரியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2023-ல் நடத்திய 'அசர்' ஆய்வில், 26 மாநிலங்களின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள 34,745 பேரைச் சந்தித்தார்கள். எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவிகிதம். அப்படிப் படித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் 73.5 சதவிகிதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: படித்துப் பொருளும் சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 42 பேர்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தம் சொந்த மொழியிலேயே தடங்கலின்றிப் படிக்க முடியாதவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்!

தாய்மொழியில் படிக்க வராத பிள்ளைக்கு அயல்மொழியில் பரீட்சை வைப்பது, நாற்றே விடாத வயலில் அறுவடைக்கு ஆள் அனுப்புவதாகும். முதலில் தமிழில் சரளமாகப் படிக்க வேண்டும். அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் ஆங்கிலம் நிற்கும். தமிழா ஆங்கிலமா என்று நம் பிள்ளைகளை இழுபறி ஆக்குகிறவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்.

இலக்கணமும் வர்க்க விஷயமே!

சொல்லும் இலக்கணமும் படித்தவர்களின் அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பெண்ணின் காகிதத்தில் போனஸ் பற்றி ஒரு வரி இருந்தது. நிர்வாகம் கொடுக்க 'மே' என்று எழுதியிருந்தது. 'மே' என்றால் கொடுத்தாலும் கொடுக்கலாம், இஷ்டம். 'ஷல்' என்றால் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு சின்னச் சொல்லில் ஓர் ஆண்டு போனஸ் போய்விட்டது! செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்று என்று பரீட்சையில் கேட்கிறார்கள். ஆனால் நோட்டீஸ் போர்டில் "ஆட்குறைப்பு முடிவு செய்யப்பட்டது" என்று ஒட்டினால், "யார் முடிவு செய்தது?" என்று கேட்க எந்தப் பள்ளியும் சொல்லித் தருவதில்லை. 'அப்ரண்டிஸ்' என்ற சொல்லும் லேசானதல்ல. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி முறையாகப் பயிற்சி பெறுபவர் தொழிலாளி ஆக மாட்டார். முறையான பயிற்சி எதுவும் தராமல் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு முழு வேலை வாங்குவதுதான் அந்த ஆலை நிர்வாகத்தின் தந்திரம்.

நாம் கோருவது

பரீட்சையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மரக்காலை உடைப்பதல்ல, அதை நம் கையில் எடுப்பதே நம் கோரிக்கை.

ஒன்று: ஆறாம் வகுப்பிலிருந்தே ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் பார்க்க வேண்டும். ராங்க் போடுவதற்காக அல்ல, குறை தெரிந்து கற்பிப்பதற்காக.

இரண்டு: உபாத்தியாயர் காலியிடங்களை நிரப்ப வேண்டும். ஆங்கிலத்தை அதற்கென்று பயின்றவர் கற்பிக்க வேண்டும். நூலகப் பீரோவின் பூட்டைத் திறக்க வேண்டும்.

மூன்று: தாளில் மனப்பாடத்தின் பங்கு குறைந்து, படித்துப் புரிந்துகொள்வதன் பங்கு கூட வேண்டும். விண்ணப்பப் பாரம், வேலை உத்தரவு, மருந்துச் சீட்டு, பத்திரிகைச் செய்தி, இவை பரீட்சையில் வரட்டும். அதற்கு முன் வகுப்பில் வரட்டும். கற்பித்ததை மட்டுமே கேட்கட்டும்.

நான்கு: தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கும் எந்தக் காகிதமும் தமிழில் இருக்க வேண்டும்.

சர்க்கார் தானாக இவற்றைச் செய்யாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. கூலி வேலை என்று ஒதுங்கி நிற்காமல் நம் தோழர்கள், முக்கியமாகத் தாய்மார்கள், அங்கே போய் உட்கார வேண்டும். "என் பிள்ளைக்கு எவ்வளவு மார்க்?" என்று கேட்காதீர்கள். "என் பிள்ளை இந்தக் காகிதத்தைப் படிப்பானா?" என்று கேளுங்கள்!

அந்தப் பெண்ணோடு அன்றிரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து காகிதத்தை வரி வரியாகப் படித்தோம். பத்தாம் வகுப்புத் தேறிய நமக்கும் சில சொற்களுக்கு அகராதி தேவைப்பட்டது. அதில் வெட்கமில்லை. அடுத்த ஞாயிறு அவள் தனியாக வரவில்லை. விடுதியிலிருந்து இன்னும் நாலு பெண்களை அழைத்து வந்தாள். ஐந்து பேர் கையிலும் அதே காகிதம். இப்போது ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது. தொழிலாளர் அதிகாரிக்கு அனுப்ப வேண்டிய மனுவும் தயாராகிவிட்டது, தமிழில்தான் எழுதியிருக்கிறோம்.

ஒவ்வொரு சங்கக் கட்டிடத்திலும் இப்படி ஒரு விளக்கு எரியட்டும். படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்குப் படித்துக் காட்டட்டும். நம்மை அளக்க வருகிறவனின் மரக்காலை வாங்கி, அதன் உள்ளளவைப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்!